நாட்டுப்பாடல் என்றொரு போர்வை

பாட்டுக்கு உடைமையாளன் உண்டா என்னும் வினாவை எழுப்பி, இல்லை என்று விடையும் தாமே கூறிவிட்டுச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். பாடல் காற்றைப் போன்றது, அதற்கு வேலி கட்ட முடியாது என்பர். ஒருவன் பாடியதை மற்றொருவன் எடுத்து வேறு உடை உடுத்திப் பாடினால் என்ன குறை, பாடப் பாடத்தானே பாட்டு வாழ்கிறது என்றும் கேட்பர். இவ்வாதத்தின் பிற்பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பாட்டு வாய்மாறிச் செல்லத்தான் வேண்டும். முற்பாதியை ஏற்பதற்கில்லை. ஏழையின் உடைமையைப் பொருள் படைத்தவர் எடுத்துக்கொள்வதற்கு வசதியாக அமைந்த வாதம் அது என்பதே என் துணிபு.

பொதுப்படப் பேசினால் இத்தகைய வழக்கு கையில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அது பிறந்த நாள் தொட்டு யார் யார் கைப்பட்டது என்று பார்ப்போம். அப்பாடலைக் கேளாத செவி இன்று அரிது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. இன்றிரவு சிங்கம் உறங்குகிறது என்பது பொருள். நம் மாணவர்கள் அதனை வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'தி லயன் கிங்' படத்தின் வாயிலாக அறிவர். அவர்களுக்கு முந்திய தலைமுறையினர் வானொலியின் வாயிலாக அறிவர். அதனை அமெரிக்கப் பாடல் என்று எண்ணுவோர் பலர். ஆப்பிரிக்கக் காடுகளில் என்றோ எவரோ பாடிய நாட்டுப்பாடல் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டு எண்ணமும் பிழை. இப்பிழைகள் தாமாக முளைத்தவையும் அல்ல.

பாட்டைப் படைத்தவர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் சூலு இனத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்தவர். 1931இல் பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் நகருக்கு வந்தார். ஊரையும் உறவையும் விட்டு நகருக்கு வந்த சூலுத் தொழிலாளர்கள், வாரம் முழுதும் உழைத்துவிட்டு, வார இறுதி இரவுகளில் தொழிலாளர் விடுதிகளில் கூடிப் பாட்டுப் போட்டி நடத்துவது அக்காலத்து வழக்கம். பக்கவாத்தியம் ஏதுமில்லை. மிடறு ஒன்றே கருவி. அப்போட்டிகளில் கொடி கட்டிப் பறந்த குழு லிண்டாவின் 'ஈவ்னிங் பேர்ட்ஸ்'. மாலைப் பறவைகள் என்று தமிழில் சொல்லலாம். கோடிட்ட உடுப்பும் தொப்பியும் பளபளக்கும் காலணியுமாக அவர்கள் மேடையேறுவர். லிண்டா உயரமானவர், மிடுக்கானவர். அடிக்குரலில் பாடுவோர் பலரை வரிசையாக நிறுத்தி அடித்தளம் அமைத்துவிட்டு, அதன்மேல் ஆண் குரலின் இயல்பெல்லையையும் கடந்து எழும் தம் உச்சக்குரலைப் பறக்கவிடுவது அவர் கண்ட முறை.

பகலில் அவர் காலோ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டி அடுக்கும் தொழிலாளி. 1939இல் அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் குழு 'எம்பூபே' என்னும் பாட்டைப் பாடியது. எம்பூபே என்றால் சிங்கம். மாடு மேய்த்துத் திரிந்த இளமையில், கன்றுகளை நாடி வந்த சிங்கத்தை விரட்டிய நினைவே அதன் கரு என்பர். சொற்கள் மிகச் சில. உலக்கை மாற்றி உரல் இடிப்பது போல் அடிக்குரலோர் ஒரே தொடரை இடித்துக்கொண்டிருக்க, லிண்டாவின் குரல் மேலே வட்டமிடும். மும்முறை பதிவு செய்தார்கள். மூன்றாம் முறை, பாட்டு முடியும் தறுவாயில், எவ்வித முன்னேற்பாடுமின்றி ஒரு மெட்டு அவர் மிடற்றிலிருந்து வந்து விழுந்தது. சில நொடிகளே நீடித்த மெட்டு. படிப்போர் அதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பிற்காலத்தில் பிறர் பெட்டிகளை நிரப்பியது அம்மெட்டுத்தான்.

1940களின் முடிவுக்குள் அத்தட்டு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ ஒரு நூறாயிரம் விற்றது. பாட்டின் உரிமைக்காக லிண்டா பெற்றது 10 ஷில்லிங். அவருடைய மக்களோ அவரைக் கொண்டாடினார்கள். அவர் பாடிய முறையைப் பின்பற்றி எத்தனையோ குழுக்கள் தோன்றின. அந்தப் பாடல்முறைக்கே 'எம்பூபே' என்று பெயராயிற்று. பின்னாளில் அது 'இசிகத்தமியா' என்று மென்மையுற்று வளர்ந்தது. 1986இல் பால் சைமனுடன் 'கிரேஸ்லேண்ட்' இசைத்தட்டில் பாடி உலகப் புகழ் எய்திய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவும் அம்மரபின் வழிவந்ததே. லிண்டா மரபில் கரைந்துபோன பெயரிலி அல்லர். மரபு ஒன்றைத் தொடக்கி வைத்தவர். இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடுத்து நிகழ்ந்தது அதற்கு நேர் எதிரானது.

நாட்டுப்பாடல் தேடித் தொகுப்பதில் பெயர் பெற்ற அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ். அவர் கைக்கு வந்த ஆப்பிரிக்க இசைத்தட்டுகளை 1949ஆம் ஆண்டளவில் தம் நண்பர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் 'தி வீவர்ஸ்' என்னும் பாடற்குழுவைச் சேர்ந்தவர். எம்பூபே அவரை ஆட்கொண்டது. தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு ஒவ்வொரு குரலையும் எழுதி எடுத்தார். 'உயிம்பூபே' என்று சூலு மக்கள் பாடிய சொல் அவர் செவியில் 'விமோவே' என்று விழுந்தது. அதுவே பாட்டின் புதுப் பெயராயிற்று. இச்செவிப்பிழையைச் சிலர் பெருங்குற்றமாகச் சாற்றுவர். நான் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அறியாத மொழியின்மேல் அன்பு வைத்துக் கேட்பவனுக்கு நேரும் பிழை அது. கண்டிக்க வேண்டியது வேறு.

வீவர்ஸ் குழு 1951இல் பதிவு செய்த 'விமோவே' 1952இல் வெற்றி பெற்றது. பாட்டை இயற்றியவர் பெயர் பால் கேம்பல் என்று பதிவாயிற்று. யார் இந்தப் பால் கேம்பல்? அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. பழம்பாடல்களை எடுத்துப் பாடும்போது இயற்றியவருக்குரிய தொகையைப் பெறுவதற்காகக் குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. எம்பூபேயும் பழம்பாடல் என்று கொள்ளப்பட்டது. தட்டின் முகப்பில் சாலமன் லிண்டாவின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அது வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. படைத்தவர் ஜோகன்னஸ்பர்க் நகரில் உயிரோடு இருந்தார், பாடிக்கொண்டும் இருந்தார். பன்னிரண்டு ஆண்டில் ஒரு பாட்டு பழம்பாட்டாகிவிடுமானால், நம்முள் யாருடைய எழுத்துத்தான் பழம்பொருள் ஆகாது? நியூயார்க் நகரத்தவன் ஒருவன் 1939இல் இயற்றிய பாட்டை யாரும் 1951இல் நாட்டுப்பாடல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்த்து இட்ட பெயரன்று அது. ஆளைப் பார்த்து இட்ட பெயர்.

இதற்குச் சான்று வேண்டுமெனில் அக்குழுவின் வரலாற்றிலேயே உண்டு. 1950இல் அவர்கள் பாடி வெற்றி கண்ட மற்றொரு பாட்டு 'ட்செனா ட்செனா'. எபிரேய மொழிப் பாட்டு. அதுவும் உரியவர் இல்லாத பழம்பாட்டு என்றே கொள்ளப்பட்டது. ஆனால் அதன் இசையைப் படைத்த இசகார் மிரோன் சார்பில் ஓர் இசைப் பதிப்பு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1954இல் நியூயார்க் நீதிமன்றம் மிரோன் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்காட ஆள் இருந்தவருடைய பாட்டுக்கு ஆசிரியர் வெளிப்பட்டார். தட்டு அடுக்கும் தொழிலாளியின் பாட்டு நாட்டுப்பாடலாகவே நின்றது. அவருக்காகப் பேச வேண்டிய காலோ நிறுவனம் என்ன செய்தது? எம்பூபேயின் அமெரிக்க உரிமையை 1952இல் சீகரின் பதிப்பாளர்க்கு விட்டுக்கொடுத்துவிட்டு, 'விமோவே'யை ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் விற்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. லிண்டாவின் பாட்டு லிண்டாவின் ஊரிலேயே வேறு பெயரில் விலைக்கு வந்தது.

பீட் சீகரைத் தீயவர் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளர்க்காகவும் கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் வாழ்நாளெல்லாம் பாடியவர் அவர். 1952ஆம் ஆண்டிலேயே பொதுவுடைமையர் என்னும் குற்றச்சாட்டால் அவர் குழுவுக்கு மேடைகளும் வானொலிகளும் கதவடைத்தன. எம்பூபேயைப் படைத்தவர் உயிரோடு இருப்பதை அறிந்ததும் அவருக்கு ஆயிரம் அமெரிக்க வெள்ளி அனுப்பியவரும் அவரே. உரிமைத்தொகை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று கண்காணிக்காமல் விட்டதற்காகப் பின்னாளில் வருந்தினார். இத்தகைய நல்லவர் கையாலேயே இது நிகழ்ந்தது என்பதைத்தான் நாம் கருத வேண்டும். திருடன் திருடினால் அதில் ஆராய ஒன்றுமில்லை. நேர்மையாளர் ஒருவர் பிறன் பொருளைத் தம் குழுவின் புனைபெயரில் எழுதிக்கொண்டும் உறுத்தலின்றி உறங்க முடிந்ததென்றால், அவருக்கு அந்த உறக்கத்தைத் தந்தது எது? நாட்டுப்பாடல் என்னும் சொல். மக்கள் அனைவர்க்கும் உரியது என்று அச்சொல் காதில் ஓதுகிறது. ஆனால் உரிமைத்தொகை மட்டும் மக்கள் அனைவர்க்கும் போவதில்லை.

1961இல் கதை அடுத்த படிக்கு ஏறியது. புரூக்ளின் பகுதி இளைஞர்களாகிய 'தி டோக்கன்ஸ்' குழுவினர்க்கு இப்பாட்டின்மேல் விருப்பம் எழுந்தது. அவர்களுக்காக ஜார்ஜ் வைஸ் என்னும் பாடலாசிரியர் ஆங்கிலச் சொற்களை எழுதினார். தயாரிப்பாளர்களான ஹியூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் இருவரும் அவரோடு சேர்ந்து தங்கள் பெயர்களையும் பதிந்துகொண்டனர். வைஸ் தம் சொற்களுக்கு எந்த மெட்டைக் கொண்டார்? மூன்றாம் பதிவின் முடிவில் லிண்டாவின் மிடற்றிலிருந்து தெறித்து விழுந்த அந்தச் சில நொடி மெட்டை! அதுவரை பாட்டின் ஓரத்தில் கிடந்த அது, இப்போது பாட்டின் முதுகெலும்பாயிற்று. வைஸ் கூர்த்த செவியர் என்பதில் ஐயமில்லை. பொன் எங்கே கிடக்கிறது என்று கண்டவர் அவர். ஆனால் கண்டெடுத்தவனும் படைத்தவனும் ஒருவரல்லர். இசைத்தட்டின் பின்பக்கத்தில் இடம்பெற்ற அப்பாட்டு, 1961 திசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் அங்கேயே நின்றது.

அந்த மூன்று வாரமும் லிண்டா உயிரோடு இருந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னரே மேடையில் பாடிக்கொண்டிருக்கையில் சரிந்து விழுந்தவர், சிறுநீரகம் கெட்டுவிட்டது. 1962 அக்டோபரில் இறந்தார். வங்கிக் கணக்கில் இருந்தது 25 அமெரிக்க வெள்ளிக்கும் குறைவு. கல்லறையில் ஒரு கல் நாட்டுவதற்கு அவர் மனைவிக்குப் பதினெட்டு ஆண்டு பிடித்தது.

அவர் மறைந்த ஆண்டில் பாட்டு மேலும் பரவியது. இங்கிலாந்தில் கார்ல் டென்வர் 'விமோவே' என்றே பாடினார். குரல் வித்தை காட்டுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் பாட்டின்மேல் இருந்ததாகத் தெரியவில்லை. பிரான்சில் ஆன்றி சல்வதோர் பிரெஞ்சு மொழியில் பாடினார். அங்கே சிங்கம் உறங்கவில்லை, இறந்தே போயிற்று. 1972இல் ராபர்ட் ஜான் அமெரிக்க வரிசையில் மூன்றாமிடம் வரை கொண்டு சென்றார். 1982இல் 'டைட் ஃபிட்' என்னும் குழு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. கேளிக்கைக் கூடத்து ஆட்டத்துக்கென்றே வார்த்தெடுத்த வடிவம் அது. நூற்றுக்கு மேற்பட்டோர் பாடிய பாட்டு இது. 1994இல் டிஸ்னியின் படத்தில் இடம்பெற்றபின் அது போகாத நாடில்லை. இவற்றுள் எனக்கு உவந்தது தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா 1960இல் பாடியது. 'எம்பூபே' என்ற பெயரையும் சூலுச் சொற்களையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறர் பாட்டைத் தம் குரலில் பாடுவது எப்படி என்பதற்கு மாணவர்க்குக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு அது.

நம் இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். முன்னோர் நூலை அடியொற்றிப் பிறிதொரு நூல் செய்வதைத் தொல்காப்பியர் வழிநூல் என்றார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதனை நான்காகவும் வகுத்தார். லிண்டாவின் ஒரு துளி மெட்டை வைஸ் விரித்தார், சல்வதோர் மொழிபெயர்த்தார். ஆக, இவை யாவும் வழிப்பாடல்களே. வழிநூல் செய்வது இழிவென்று நம் மரபு சொல்லவில்லை. அவ்வாறு சொல்லியிருந்தால் நமக்குக் கம்பர் கிடைத்திருக்க மாட்டார். அதே மரபு ஒரு கடமையையும் உடன் வைத்தது. சிறப்புப்பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டினை நன்னூலார் அடுக்குகையில் முதலில் வைத்தது ஆக்கியோன் பெயர். இரண்டாவதாக வைத்தது நூல் வந்த வழி. இவ்விரண்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகு மறந்துவிடுகிறோம். கம்பர் தம் காப்பியத் தொடக்கத்திலேயே தாம் பின்பற்றிய வடமொழிப் புலவனைக் குறித்தார். அதனால் கம்பருக்கு என்ன குறைந்துவிட்டது? டோக்கன்ஸ் குழுவின் தட்டில் சாலமன் லிண்டா என்னும் பெயர் இருந்திருந்தால் அப்பாட்டு ஒரு தட்டேனும் குறைவாக விற்றிருக்குமா?

இனி மறுப்போர் கூற்றுக்கு வருவோம். அமெரிக்கர் எடுத்துப் பாடியிராவிட்டால் லிண்டாவை யார் அறிந்திருப்பார் என்று கேட்கின்றனர். பாடியதால் மட்டும் அறிந்தார்களா? அரை நூற்றாண்டு உலகம் அப்பாட்டைப் பாடியது, பாட்டுக்குப் புகழ் வந்தது, லிண்டாவுக்கு வரவில்லை. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியன் மலான் 2000ஆம் ஆண்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் நீண்டதொரு கட்டுரை எழுதிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அப்பாட்டின் உரிமைத்தொகை ஒன்றரைக் கோடி அமெரிக்க வெள்ளி அளவுக்கு இருந்திருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். பெயரை மறைத்தவர்களே பெயரைப் பரப்பியவர்கள் என்று புகழ்வது, விளக்கை அணைத்தவனை ஒளி தந்தவன் என்பதாகும்.

ஆங்கிலச் சொற்கள் வைஸின் சொந்தப் படைப்பு அல்லவோ என்பர். ஆம், சொல்லுக்குரிய பங்கு அவருக்கு உரியதே. அதனை மறுப்பார் யாருமில்லை. அவர் மெட்டையும் அல்லவா தம் பெயரில் எழுதிக்கொண்டார்!

லிண்டாவே பத்து ஷில்லிங்குக்கு விற்றுவிட்டாரே, சட்டப்படி எல்லாம் முறையாகத்தானே நடந்தது என்பது மூன்றாவது கூற்று. இதற்குச் சற்று விரிவாக விடை கூற வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை இவர்கள் முழுமையாகப் பார்த்ததில்லை. பிரிட்டனில் 1911இல் இயற்றப்பட்டுப் பேரரசின் பல நாடுகளுக்கும் பரவிய பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. படைப்பாளி தன் வாழ்நாளில் உரிமையை விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டு கழிந்தபின் அது அவன் வழியினர்க்கே மீள வேண்டும் என்பது அவ்விதி. வறுமையால் மலிவாக விற்ற எழுத்தாளனின் பிள்ளைகள் முற்றிலும் வெறுங்கையராகி விடலாகாது என்னும் இரக்கம் அதில் இருந்தது. அச்சட்டம் நமக்கும் புதிதன்று. சிங்கப்பூரில் 1987 வரை அதுவே நடைமுறையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவிலும் அதுவே வழக்கிலிருந்தது. லிண்டா இறந்தது 1962. இருபத்தைந்தைக் கூட்டினால் 1987. அவ்வாண்டு முதல் பேரரசு நாடுகளில் எம்பூபேயின் உரிமை அவர் குடும்பத்துக்கு மீண்டிருக்க வேண்டும். மீளவில்லை. அப்படியொரு விதி இருப்பதை அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை. மாறாக, 1980களில் அவர் மனைவியிடமும் 1992இல் மகள்களிடமும் மேலும் தாள்களில் கையொப்பம் வாங்கப்பட்டது. சட்டப்படி நடந்தது என்று சொல்வோர் எந்தச் சட்டத்தைச் சொல்கின்றனர்? கற்றவன் கையில் இருந்த பாதிச் சட்டத்தையா, அல்லாதவன் கைக்கு எட்டாமல் போன மறுபாதியையா?

இதனைத் தமிழாசிரியர்கள் முன் ஏன் வைக்கிறேன் என்று கேட்கலாம். நாட்டுப்பாடல் என்னும் சொல்லை நாளும் புழங்குகிறவர்கள் நாம். தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்து வருமாறு மாணவர்க்குப் பயிற்சி தருகிறோம். மாணவன் தன் பாட்டியிடமோ அண்டைவீட்டு முதியவரிடமோ கேட்டு எழுதி வருகிறான். தாளில் பாட்டு இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. அந்த முதியவர் பிறர் பாடக் கேட்டுப் பாடினாரா, தாமே கட்டிப் பாடினாரா என்று மாணவன் கேட்டானா? கேட்கும்படி நாம் சொன்னோமா? தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பரம்பரைச் சொற்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ரப்பர்க் காட்டையும் பால் வாளியையும் வைத்துக் கட்டிய பாட்டு கரிகாலன் காலத்திலிருந்து வழிவந்திருக்க இயலாது. அதைக் கட்டியவர்க்கு ஒரு பெயர் இருந்தது. தாளின் மேலே நாட்டுப்பாடல் என்று தலைப்பிட்டு நாம் மதிப்பெண் இடுகிறோம். கலைவிழாக்களிலும் நாடறிந்த கவிஞர் இயற்றிய பாட்டைப் பிள்ளைகள் பாடும்போது இயற்றியவர் பெயரைச் சொல்லாமல் பாடியவர் பெயரை மட்டும் அறிவிக்கும் வழக்கம் உண்டு. அங்கே உரிமைத்தொகை ஏதுமில்லை என்பது ஓர் ஆறுதல். பழக்கம் என்னவோ அதே பழக்கம்தான்.

நம் முன்னோர் இதில் எத்துணை நுட்பமாக நடந்துகொண்டனர் என்பதைக் குறுந்தொகை காட்டும். தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளைப் பாடிய புலவர் இன்னார் என்று தெரியாமற்போயிற்று. பழம்பாடல் என்று எழுதிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடவில்லை. பாட்டின் உள்ளே புகுந்து, அப்புலவன் ஆண்ட அரிய தொடர் ஒன்றையே எடுத்து அவனுக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடுமுன்றிலார் என்றும் நாம் இன்று வழங்குவது அப்படி வந்த பெயர்களைத்தான். பெயர் தெரியாத நிலையிலும் பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான் என்பதை மறக்க மறுத்த நேர்மை அது. நியூயார்க் பதிப்பாளர்க்கோ பெயர் தெரிந்திருந்தது. தட்டில் அச்சிட்டே வந்தது. அவர்கள் அதனை நீக்கிவிட்டு, இல்லாத ஒருவனுக்குப் பெயர் படைத்தார்கள்.

லிண்டாவின் மகள்கள் 2004இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். பதிப்புரிமை வல்லுநர் ஓவன் டீன் எடுத்து வைத்தது முன்னர்க் கூறிய அந்த 1911ஆம் ஆண்டு விதியைத்தான். தென்னாப்பிரிக்க அரசு அவர்களுக்குத் துணைநின்றது. காலோ நிறுவனமும் துணைநின்றது என்பதைப் படிக்கையில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வழக்கை நடத்துவதற்குப் பிணையாக, அந்நாட்டில் டிஸ்னி பதிந்து வைத்திருந்த வணிகக் குறியீடுகள், மிக்கி மௌஸ் உட்பட, நீதிமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டன. உலகமே அறிந்த எலி, உலகம் அறியாத சிங்கத்துக்காகப் பிணை நின்றது. 2006 பிப்ரவரியில், தீர்ப்புக்கு முன்னரே, அமெரிக்காவில் உரிமை வைத்திருந்த பதிப்பு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. எம்பூபேயிலிருந்தே அப்பாட்டு பிறந்தது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. இசையமைத்தோருள் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயர் சேர்க்கப்பட்டது. கடந்த காலத்துக்கு ஒரு தொகையும் வருங்காலத்துக்கு ஒரு பங்கும் தர இசைந்தனர். அவர் இறந்து 44 ஆண்டாகியிருந்தது. மனைவி 1990இலேயே இறந்துவிட்டார். மகள்களுள் ஒருவரும் வழக்குக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த உடன்பாட்டிற்கும் ஒரு காலவரை இருந்தது. 2017இல் அது முடிந்தது. டிஸ்னி நிறுவனம் 'தி லயன் கிங்' படத்தைப் புதிதாக எடுத்து 2019இல் வெளியிட்டது. அதிலும் அப்பாட்டு இருந்தது.